வெளியார் வாக்கு

முதலில் அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் நல்லது. பதினெட்டு வருடம் இப்படிப்பட்ட அறைகளில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். மூன்று பேர், ஒரு மேசை, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. ஒரு மணி நேரம் போனால் காற்று கெட்டுவிடும். பேசுகிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவருக்குத்தான் தலை வலிக்கும். மைதிலிக்காகத்தான் கேட்கிறேன். நன்றி.

என் பெயர் அனந்தராமன். பிறந்தது திருச்சியில். எண்பத்திரண்டில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பொறியியல் ஆராய்ச்சி செய்ய வந்தேன். ஆராய்ச்சி முடியவில்லை, மொழி மட்டும் வந்து சேர்ந்தது. எண்பத்தாறிலிருந்து சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். ஜெர்மன் மொழியிலேயே உங்களுக்குப் பதில் சொல்ல முடியும். ஆனாலும் விசாரணையில் தாய்மொழியில் பேசும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. அந்த உரிமையை நூற்றுக்கணக்கான பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒருமுறை நானும் பயன்படுத்திப் பார்க்கலாமே என்று தோன்றியது. எழுத்துத் தமிழிலேயே, சின்ன வாக்கியங்களாகச் சொல்கிறேன். மைதிலி டோர்ட்மண்டிலிருந்து வருகிறார், யாழ்ப்பாணத்துக் குடும்பம். என் ஊர்ப் பேச்சு அவருக்குச் சிரமம் தரக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உங்கள் அலுவலகத்தின் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. போன செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, வுப்பர்டாலில் ஒரு தேவாலய மண்டபத்தில், நான் மொழிபெயர்த்த ஒரு அகதி விசாரணையின் விவரங்களைப் பலர் முன்னால் சொன்னேனா என்பது முதலாவது. சொன்னேன். முறைப்பாடு செய்த அம்பிகா, 1991ஆம் ஆண்டு விசாரணையின் நான்கு பக்கப் பதிவையும் தன் மனுவோடு எந்த விளக்கமும் எழுதாமல் இணைத்திருக்கிறாரே, அது ஏன் என்பது இரண்டாவது. அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

வெளிநாட்டவர் ஆலோசனைச் சபைக்கு நவம்பரில் தேர்தல் நடந்தது. பெரிய அதிகாரம் உள்ள சபை இல்லை. நகரசபைக்கு யோசனை சொல்லலாம், நகரசபை தலையாட்டும். இருந்தாலும் அதில் ஒரு தமிழர் உட்கார வேண்டும் என்று இங்குள்ள ஈழத்தமிழர் சங்கத்துக்கு வெகுநாள் ஆசை. ஊரில் தமிழ் வாக்கு மிஞ்சிப்போனால் முந்நூறு. ஒரு இருக்கைக்கு அறுநூறாவது வேண்டும். அதனால் ஒரே ஒரு வேட்பாளரை நிறுத்துவது, அவரைத் தங்களுக்குள் முன்கூட்டியே வாக்கெடுத்துத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள். போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடை வைத்திருக்கும் அசோகன். மற்றவர் அம்பிகா, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர்.

அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். நான் உறுப்பினன் அல்ல, எனக்கு வாக்கும் இல்லை. துருக்கியர், கானாக்காரர், மொரோக்கோக்காரர் என்று எல்லோரையும் அலுவலக வராந்தாக்களில் பார்த்துப் பழகியவன் என்பதால், மற்றவர்கள் யாருக்கு வாக்குப் போடுவார்கள் என்று நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார்கள். அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறு பேர் இருந்தார்கள். வெளியே மழை, உள்ளே ஈர ஜாக்கெட்டுகளின் நாற்றம். பிளாஸ்டிக் விரித்த மேசைகளில் வடை. எண்ணெய் காகிதத் தட்டைத் தாண்டி மேசைவரைக்கும் வந்துவிட்டது. அதே விரலால் வாக்குச்சீட்டுகளைத் தொட்டார்கள். எலுமிச்சை வாசனை போட்ட ஈரக் காகிதக் கைக்குட்டைகள் சிலவற்றை நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன். அன்று ஐந்து தீர்ந்தன. என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்வார்கள், சொல்லட்டும். பதினெட்டு வருடம் மற்றவர்கள் பட்டதையெல்லாம் என் வாயில் போட்டு மென்று இன்னொரு மொழியில் துப்பிக்கொண்டிருந்தவனுக்குக் கொஞ்சம் சுத்தம் தேவைப்படுகிறது.

அசோகன் முதலில் பேசினார். சட்டையின் மேல் பொத்தான் இரண்டு எப்போதும் திறந்திருக்கும் மனிதர் அவர். பேசும்போது எதிரில் இருப்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்.

"எங்கட சனத்தின்ர வாக்கு முழுக்க எனக்குத்தான். அதிலை ஆருக்கும் சந்தேகமில்லை. வெளி ஆக்களைப் பற்றிக் கேக்கிறியள். கானாக்காரர் எல்லாரும் என்ர கடையிலைதான் கிழங்கு வாங்கினம். அவையளும் எனக்குத்தான் போடுவினம்."

சிலர் கைதட்டினார்கள். கிழங்கு வாங்குகிறவர்கள் கிழங்கைத்தான் வாங்குவார்கள், கடைக்காரரை வாங்க மாட்டார்கள் என்று நான் பக்கத்தில் இருந்த கலாதேவி அக்காவிடம் சொன்னேன். கலாதேவி தமிழ்ப் பள்ளியின் பொறுப்பாளர், அன்றைய கூட்டத்தையும் அவர்தான் நடத்தினார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்பிகாவைப் பேசச் சொன்னார்.

அம்பிகா எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயது. இல்லத்தில் வேலை முடித்து நேரே வந்திருந்ததால் காலில் வெள்ளைச் செருப்பு இருந்தது.

"நான் வெல்லுவன் எண்டு சொல்ல வரேல்லை. டுல்டுங்கிலை இருக்கிற ஆக்களுக்காக அந்தச் சபையிலை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. நான் ஒன்பது வரியம் அந்தப் பேப்பரோடை இருந்தனான். அதைப் பற்றிக் கதைக்க எனக்குத் தெரியும். அவ்வளவுதான்."

டுல்டுங் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவரை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, இப்போதைக்கு அனுப்பவும் இல்லை என்று சொல்லும் தாள் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் நீட்டிக்க வேண்டும். வேலைக்கு அனுமதி இல்லை, ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்தபோது அம்பிகாவால் போக முடியவில்லை. இரண்டாயிரத்தில்தான் அவருக்கு நிலையான அனுமதி கிடைத்தது.

அதன்பிறகு விவாதம் தொடங்கியது. ஒன்றரை மணி நேரம் நடந்தது. யாருக்குத் தகுதி இருக்கிறது என்பது பற்றி ஒருவரும் பேசவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரால் வெல்ல முடியும் என்பதுதான் பேச்சு. அம்பிகாவோடு வேலை செய்யும் கானா, போலந்துப் பெண்களின் குடும்பங்களே நூறு வாக்குத் தேறும் என்று ஒருவர் சொன்னார். பெண் என்றால் துருக்கி ஆண்கள் போட மாட்டார்கள் என்றார் இன்னொருவர். துருக்கியருக்கு மூன்று பட்டியல் இருக்கிறது, அவர்கள் ஏன் நமக்குப் போடப் போகிறார்கள் என்று கேட்டார் வேறொருவர். அம்பிகா கொஞ்சம் கறுப்பு, சுவரொட்டியில் முகம் எடுக்காது என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் சொன்னார். அவருடைய முகத்தை நான் திரும்பிப் பார்த்தேன். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இரண்டு பேரையும் உருட்டிப் புரட்டினார்கள். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

பிறகு அசோகன் சட்டையைத் தோள்வரை இறக்கி ஒரு தழும்பைக் காட்டினார்.

"வெளி ஆக்கள் எதைப் பார்ப்பினம்? எங்களுக்கு என்ன நடந்தது எண்டு பார்ப்பினம். இதைக் காட்டினால் காணும், போடுவினம். தங்கச்சி நல்லவதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவவிட்டைச் சொல்ல என்ன கதை கிடக்கு? அவவின்ர கேஸைத் தள்ளினவங்கள். தனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு அவவின்ர பேப்பரிலையே கிடக்காம்."

ஒருவருடைய வியர்வை படிந்த தோளை அவ்வளவு அருகில் பார்ப்பது எனக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அசோகனுடைய விசாரணைக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். அன்று அவர் அதிகாரியிடம் சொன்னதையும், பிறகு வைத்தியரிடம் சொன்னதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தால் விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன். அது தொழில் இரகசியம்.

மண்டபம் அம்பிகாவைப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அதிலை கதைக்க ஒண்டுமில்லை. விடுங்கோ," என்றார்.

கலாதேவி என் பக்கம் திரும்பினார். "அனந்தராமன் ஐயா, நீங்கள் வெளியாள். நீங்களே சொல்லுங்கோ. வெளி ஆக்கள் ஆருக்குப் போடுவினம்?"

நான் எழுந்தேன். அம்பிகா என்னைப் பார்த்து மறுபடி, "விடுங்கோ அண்ணை," என்றார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டது தவறாக இருக்கலாம்.

நான் சொன்னது இதுதான். முகத்தைப் பார்த்து வாக்குப் போடுவதில்லை, ஒரு கதையைக் கேட்டுத்தான் போடுகிறார்கள். அம்பிகாவிடம் கதை இருக்கிறது. இந்த மண்டபத்திலுள்ள எல்லாக் கதைகளையும் கேட்டவன் நான், அதைவிடப் பெரிய கதை இங்கு யாரிடமும் இல்லை. கானாக்காரியும் கேட்டு அழுவாள், துருக்கிக்காரியும் அழுவாள், ஜெர்மன்காரப் பத்திரிகையாளர் முதல் பக்கத்தில் போடுவார். இவர் வெல்வார். இப்படிச் சொல்லிவிட்டு அந்தக் கதையையும் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மைதிலிக்கும் தெரியும். பேசுகிறவர் சொல்வதை 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று மொழிபெயர்ப்பதில்லை. 'நான்' என்றே சொல்ல வேண்டும். அவர் வாயாக இருக்க வேண்டும். பழக்கத்தில் அன்றும் அப்படியே வந்துவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது என்று தொடங்கினேன். என்னைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்றேன். மூன்று நாட்கள் என்றேன். எத்தனை பேர் என்பதையும், எந்த வகுப்பறை என்பதையும், மேசைகளை எப்படிச் சேர்த்துப் போட்டார்கள் என்பதையும், மூன்றாம் நாள் எப்படி வெளியே விட்டார்கள் என்பதையும் சொன்னேன். இருபது நிமிடம் எடுத்தது. குரலை உயர்த்தவே இல்லை. பதின்மூன்று வருடம் ஆகியும் ஒரு விவரம்கூட மறக்கவில்லை. நன்றாகத்தான் பேசினேன்.

கேட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எனக்கு அருவருப்பின் உச்சம். ஒருவர்கூட என்னை நிறுத்தச் சொல்லவில்லை. நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முகம் எடுக்காது என்று சொன்ன அம்மாள், கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்திருந்தார். அசோகன் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். இவ்வளவு பெரிய துயரத்தைச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கேட்கிறார்களே என்று நினைத்தேன். அம்பிகாவின் கணவர் யோகேஷ் சுவரோரமாக நின்றிருந்தார். அவர்கள் தொண்ணூற்றைந்தில் கல்யாணம் செய்தவர்கள். அவருக்கு இது தெரியாது என்பது எனக்குத் தெரியாது. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

வாக்கெடுத்தார்கள். அம்பிகாவுக்கு ஐம்பத்தெட்டு, அசோகனுக்கு முப்பத்தொன்று. விவாதத்துக்கு முன்னால் கையுயர்த்தச் சொல்லிப் பார்த்தபோது அசோகனுக்குத்தான் கூடுதல். அதாவது என் பேச்சு இருபது பேரையாவது திருப்பியது.

மைதிலி தண்ணீர் குடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

அம்பிகா முடிவைக் கேட்க உள்ளே இல்லை. வாசலுக்குப் பக்கத்தில், மேலங்கிகள் மாட்டும் இடத்தில் நின்றிருந்தார். வாழ்த்துச் சொல்லப் போனேன். இங்கே ஒன்றை விளக்க வேண்டும். என்னோடு பேசும்போது அம்பிகா எப்போதும் மெதுவாகப் பேசுவார். சொல்லைப் பிரித்துப் பிரித்து, இந்தியத் தமிழர்களுக்குத் தெரிந்த சொல்லாகத் தேடிப் போடுவார். 'யன்னல்' என்று வாயில் வந்ததை நிறுத்தி 'ஜன்னல்' என்பார். பொங்கலுக்குப் பெட்டியில் சோறு கட்டித் தரும்போதுகூட அப்படித்தான். காது மந்தமானவர்களிடம் நல்ல மனிதர்கள் காட்டும் பொறுமை அது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தன் விண்ணப்பம் தள்ளுபடியானதற்கு, அந்த இந்திய அண்ணைக்கு யாழ்ப்பாணத் தமிழ் சரியாக விளங்கவில்லை என்பதுதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். பாவம், அவரில் பிழையில்லை என்று மற்றவர்களிடமும் சொல்லியிருந்தார். கலாதேவி மூலமாக அது என் காதுக்கு வந்து பல வருடமாகிறது. நான் மறுக்கவில்லை.

அன்று மேலங்கிகளுக்குப் பக்கத்தில் அவர் மெதுவாகப் பேசவில்லை. தன் வீட்டில் பேசுகிற வேகத்திலேயே சொன்னார்.

"உங்களுக்கு எங்கட தமிழ் விளங்கேல்லை எண்டுதான் அண்ணை நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவ்வளவுதான் சொன்னார். மேலங்கியை எடுத்துக்கொண்டு மழையில் நடந்து போனார். யோகேஷ் பின்னால் போகவில்லை.

அடுத்த நாள் அம்பிகா வேட்பாளராக நிற்க மறுத்துவிட்டார். நான் அதற்குள் ஜெர்மன், துருக்கி, இத்தாலி மொழிகளில் துண்டறிக்கைக்கு வாசகம் தயாரித்து வைத்திருந்தேன், அது வீணாயிற்று. யோகேஷ் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மகள் சாருலதாவைக் கூட்டிக்கொண்டு டோர்ட்மண்டிலுள்ள தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லையாம், முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாராம். அம்பிகா இப்போது தமிழ்ப் பள்ளிக்கோ கடைக்கோ வருவதில்லை. பேருந்தில் தமிழர் யாராவது ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். சங்கம் அசோகனை நிறுத்தியது. இருநூற்றுப் பத்து வாக்கு வாங்கித் தோற்றார். கானாக்காரர் கிழங்கை மட்டும்தான் வாங்கினார்கள். அம்பிகா நின்றிருந்தால் கட்டாயம் வென்றிருப்பார். அந்தக் கணிப்பில் நான் தவறவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. அந்த நான்கு பக்கங்கள்.

மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த மூன்று நாட்களில் என்ன நடந்தது என்று அதிகாரி கேட்கிறார். கீழே பதில் இருக்கிறது: 'என்னை விசாரித்தார்கள். பிறகு அனுப்பிவிட்டார்கள்.' இரண்டு வாக்கியம். அந்தப் பதிலைச் சொல்ல அம்பிகா இருபது நிமிடம் எடுத்தார். மேசையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் மறு கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு சொன்னார். மண்டபத்தில் நான் சொன்னதையெல்லாம் அன்று அவர் சொன்னார். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. பதினெட்டு வருடத்தில் எனக்கு விளங்காத யாழ்ப்பாணத் தமிழ் இருந்ததே இல்லை.

அதிகாரி ஜலதோஷத்தோடு இருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று என்னைக் கேட்டார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றேன். அழுகிறாரே என்றார். பயந்திருக்கிறார் என்றேன். அதிகாரி அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒலிப்பதிவுக் கருவியில் சொல்ல, பக்கத்து அறையில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள்.

அதன்பின் வழக்கப்படி பதிவை விண்ணப்பதாரருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரியென்றால்தான் கையெழுத்து. அதையும் நான்தான் செய்தேன். மூன்றாம் பக்கம் வந்ததும், எழுதியிருந்த இரண்டு வாக்கியத்தை வாசிக்கவில்லை. அவர் சொன்னது முழுவதையும், தாளில் அப்படியே இருப்பதுபோல், கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் தமிழில் சொன்னேன். இடையில் ஒரு தாளைக்கூடத் திருப்பிக்கொண்டேன். அவர் கேட்டுவிட்டு, "ஓம், சரியா இருக்கு," என்றார். நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வெளியே போகும்போது எனக்கு நன்றி சொன்னார்.

தள்ளுபடிக் கடிதத்தில், தன்மீது தனிப்பட்ட துன்புறுத்தல் எதுவும் நடந்ததாக விண்ணப்பதாரர் கூறவில்லை என்று இருந்தது. வழக்கறிஞர் மேல்முறையீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். நடந்திருந்தால் முதல் விசாரணையிலேயே சொல்லியிருப்பார், வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்தும் போட்டிருக்கிறார், எனவே இது பின்னால் சேர்த்த கதை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி பார்த்தால் நீதிமன்றம் சொன்னதில் தவறு இல்லை. அந்த ஒன்பது வருடம் அங்கிருந்து வந்தது. அம்பிகா இந்தப் பதிவை ஏன் இணைத்தார் என்று கேட்டீர்கள். அவர் அதை மூன்றாவது முறையாக யாரிடமும் சொல்லத் தயாராக இல்லை. சொல்லக்கூடிய இன்னொரு ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அருவருப்பு. வேறொன்றும் இல்லை. 'நான்' என்று சொல்ல வேண்டும் என்றேன் அல்லவா. முப்பத்தைந்து வயது ஆண், குளித்து, சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவன், ஜலதோஷம் பிடித்த இன்னொரு ஆணைப் பார்த்து, என்னை இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்தேன். நல்ல குடும்பத்துப் பெண், இது ஒரு அரசாங்கக் கோப்பில் கிடக்க வேண்டுமா என்று நினைத்தேன். மண்டபத்தில் நான் பேசியதும் அதன் மறுபக்கம்தான். அன்று விட்டதை இன்று சேர்த்துவிட்டேன். பதின்மூன்று வருடம் தாமதமான மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். இடம் மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் பேனாவை மூடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முழுமையாகச் சொல்வதாகத்தான் தொடக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்னும் ஒரு வாக்கியம் மிச்சம் இருக்கிறது. அதை நான் அந்தப் பதிவிலும் சேர்க்கவில்லை, அன்று வாசித்துக் காட்டும்போதும் விட்டுவிட்டேன், மண்டபத்திலும் சொல்லவில்லை. மண்டபத்தில் விட்டதை அம்பிகா கவனித்திருப்பார்.

தொண்ணூற்றொன்றில் அந்த அறையில், அவர் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் ஜெர்மன் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டுதான் இருந்தேன். வாய் வரவில்லை என்றேனே, அது முழுக்கச் சரியில்லை. வந்திருக்கும். வாக்கியங்கள் தயாராக இருந்தன. சொல்லி முடித்த பிறகு அவர் முதல்முறையாக மேசையிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. அதிகாரிக்கு ஒரு அடையாளம் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார்.

"அந்த இந்தியன் ஆமிக்காரரிலை ஒருத்தன் தமிழ் கதைச்சவன், அண்ணை. நீங்கள் கதைக்கிற மாதிரித்தான், உங்கட ஊர்த் தமிழ். மூண்டு நாளும் என்னைத் தங்கச்சி எண்டுதான் கூப்பிட்டவன்."

அதன்பிறகுதான் நான் அதிகாரி பக்கம் திரும்பி, விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று மொழிபெயர்த்தேன்.

மைதிலி, குறிப்பெடுப்பதை நிறுத்துங்கள். இதுவரை சொன்னதையெல்லாம் நீங்கள் ஜெர்மனில் சொல்லிவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அம்பிகாவுக்காகத்தான் கேட்கிறேன்.